மருத்துவப் படிப்புக்குள் இனமும் சாதியும்: முதல் ஆண்டு மாணவருக்கு ஒரு விளக்கம்

ஆத்தங்குடியில் பூக்கல் வார்க்கிறவரின் கையைப் பாருங்கள். கண்ணாடித் தட்டின் மேல் இரும்புச் சட்டம் வைத்து, வண்ணம் கலந்த சிமென்ட் கூழை ஊற்றி, அதன்மேல் காய்ந்த சிமென்டும் மணலும் தூவி, கலவையை அழுத்தி, கடைசியில் தண்ணீர்த் தொட்டியில் ஊறவிடுவது வரை பெரும்பாலும் வெறுங்கை வேலை. ஈரச் சிமென்ட் கடுங்காரம். அதிலிருக்கும் குரோமியம் ஒவ்வாமையையும் கிளப்பும். விரலிடுக்கிலும் புறங்கையிலும் தோலழற்சி வருவது இந்தத் தொழிலில் எதிர்பார்க்க வேண்டியதே. அவர் ஓ.பி.க்கு வருகிறார். 'தோல் சிவந்திருக்கும்' என்று படித்த மாணவர் சிவப்பைத் தேடுகிறார். சிவப்பு இல்லை, கருஞ்சாம்பலும் ஊதாவுமாகத் தடித்த தோல் இருக்கிறது. 'வேலை செய்யிற கை, காய்ப்பு' என்று முடிவுகட்டி ஏதோ ஒரு களிம்போடு அனுப்பிவிடுகிறார்.

இதில் யாரும் யாரையும் வெறுக்கவில்லை, வசைச்சொல் எதுவும் பேசவில்லை. பாடநூல் படங்கள் வெள்ளைத் தோலில் எடுத்தவை. அடையாளங்கள் வெள்ளைத் தோலைப் பார்த்து எழுதியவை. தேர்விலும் அதையே கேட்டார்கள். அதன் விளைவாக ஒரு தொழிலாளி சரியான நோய்ப்பெயர் இல்லாமல் வீடு திரும்புகிறார். மருத்துவக் கல்வியில் இனப்பாகுபாடு என்று பேசும்போது கெட்ட மனிதர்களைத் தேடிக்கொண்டிருந்தால் பாதிக்கு மேல் தவறவிடுவோம். பாடத்திலும் கருவியிலும் வார்டு வழக்கத்திலும் படிந்துவிட்ட குறுக்குவழிகளைத்தான் தேட வேண்டும். நம் ஊரில் அந்தக் குறுக்குவழிகள் நிறத்தோடு சாதியையும் சேர்த்துக்கொண்டு வருகின்றன.

எல்லோருக்கும் ஒரே வரிசை போதுமா

காலை ஏழரைக்கு டோக்கன், எட்டரையோடு முடிந்தது என்று ஒரு மருத்துவமனை விதி வைத்தால் அது எல்லோரையும் ஒன்றாகத்தான் நடத்துகிறது. காரைக்குடி டவுனில் இருப்பவர் ஏழுக்கே வந்து நிற்பார். எட்டு மணிக்குத்தான் முதல் பஸ் என்கிற கிராமத்துக்காரருக்கோ அதே விதி கதவை அடைத்துவிடுகிறது. டோக்கனில் ஒரு பங்கை ஒன்பதரைக்குப் பிறகு கொடுக்க ஒதுக்கினால், விதி இருவருக்கும் வேறாகிறது. மருத்துவம் இருவருக்கும் கிடைக்கிறது. சமநீதி என்பது இந்த இரண்டாவது ஏற்பாடு: யாருக்கு என்ன கிடைத்தது என்று பார்த்து விதியைத் திருத்துவது.

மருத்துவப் படிப்பில் இந்தக் கேள்வியைச் சில இடங்களில் கேட்க வேண்டும். யார் உள்ளே வருகிறார்கள், என்ன கற்பிக்கப்படுகிறது, வார்டில் என்ன பழக்கம் ஒட்டிக்கொள்கிறது, மதிப்பெண் எப்படி விழுகிறது, புகார் எங்கே போய்ச் சேருகிறது. இங்கே எல்லாவற்றையும் ஒரே நீளத்துக்கு விளக்கப் போவதில்லை. பாடமும் வார்டும்தான் பெரியவை.

சூத்திரத்துக்குள் புகுந்த நிறம்

1851-ஆம் ஆண்டு வாக்கில் அமெரிக்காவின் லூசியானாவில் சாமுவேல் கார்ட்ரைட் என்ற மருத்துவர் எழுதியவற்றை இன்று படித்தால் கோபம் வரும். அடிமைகள் தப்பி ஓடுவதையே அவர் ஒரு நோயாக வகைப்படுத்தினார். மூச்சளவு பார்க்கும் ஸ்பைரோமீட்டரை வைத்து, கறுப்பினத்தவரின் நுரையீரல் கொள்ளளவு ஏறக்குறைய 20 சதவீதம் குறைவு என்றும் எழுதினார். முதல் கருத்தை உலகம் குப்பையில் போட்டது. இரண்டாவது கருத்து கருவிக்குள்ளேயே தங்கிவிட்டது. பிற்காலத்து ஸ்பைரோமீட்டர்களில் 'இனத் திருத்தம்' என்று ஒரு தெரிவு வந்தது: கறுப்பினத்தவர் என்று அழுத்தினால் எதிர்பார்க்கும் அளவை 10 முதல் 15 சதவீதமும், ஆசியர் என்று அழுத்தினால் 4 முதல் 6 சதவீதமும் குறைத்துக்கொள்ளும்.

இதனால் என்ன நடக்கும் என்பதை ஒரு கணக்கில் பார்க்கலாம். சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடும் தொழிலாளி ஒருவர். வயது, உயரத்துக்கு எதிர்பார்க்கும் மூச்சளவு 4.0 லிட்டர் என்று வையுங்கள். அவர் ஊதியது 3.1 லிட்டர். 77.5 சதவீதம், 80-க்குக் கீழே என்றால் கவனி என்ற பழைய வழக்கப்படி இவரைக் கவனிக்க வேண்டும். ஆசியர் திருத்தமாக 6 சதவீதம் குறைத்தால் எதிர்பார்ப்பு 3.76 லிட்டராகிறது. அதே 3.1 இப்போது 82 சதவீதம். காகிதத்தில் 'நார்மல்'. நுரையீரல் மாறவில்லை, புகை மாறவில்லை, ஒரு பட்டன் மாறியது. இனம் பாராத பொது அளவீட்டையே பயன்படுத்தும்படி அமெரிக்க மார்பு நோய் மருத்துவர் சங்கம் 2023-இல் பரிந்துரைத்தது. உங்கள் துறையில் இருக்கும் கருவியில் எந்த அளவீடு ஏற்றப்பட்டிருக்கிறது என்று செட்டிங்ஸைத் திறந்து பார்ப்பது இரண்டு நிமிட வேலை. பெரும்பாலும் அதை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

சிறுநீரகக் கணக்கும் இப்படித்தான். இரத்தத்திலுள்ள கிரியாட்டினின் என்ற கழிவுப்பொருளை வைத்துச் சிறுநீரகம் வடிகட்டும் திறனைக் கணிக்கும் 2009-ஆம் ஆண்டுச் சூத்திரம், நோயாளி கறுப்பினத்தவர் என்றால் விடையை 1.159-ஆல் பெருக்கியது. அமெரிக்காவில் மாற்றுச் சிறுநீரகக் காத்திருப்புப் பட்டியலில் நாள் எண்ணத் தொடங்க அந்தத் திறன் 20 அல்லது அதற்குக் கீழே வர வேண்டும். 18 என்று வந்த ஒருவருக்கு 18-ஐ 1.159-ஆல் பெருக்கினால் 20.9. அவர் இன்னும் காத்திருக்க வேண்டும். 2021-இல் வந்த புதிய சூத்திரம் இனத்தை நீக்கிவிட்டது. பழைய சூத்திரத்தை மனப்பாடம் செய்த குறிப்பேடுகள் விடுதிகளில் இன்னும் கைமாறலாம். தேதியைப் பார்த்துப் படியுங்கள்.

அப்படியானால் இனம், மக்கள் கூட்டம் என்று எதையுமே மருத்துவத்தில் பார்க்கக் கூடாதா என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான், இதில் அவசரப்பட்டால் எதிர்ப்பக்கம் போய் விழுவோம்.

165 செ.மீ. உயரம், 66 கிலோ எடை உள்ளவரின் உடல் நிறை எண் 24.2. உலகப் பொது அளவில் 25 வரை சரி. இந்தியாவில் 2009-இல் வகுத்த வழிகாட்டல்படி 23-இலேயே அதிக எடை, 25-இல் உடற்பருமன். இதுவும் மக்கள் கூட்டத்தைப் பார்த்து மாற்றிய எண்தான். ஆனால் நம் மக்களுக்குக் குறைந்த எடையிலேயே சர்க்கரையும் இதய நோயும் வருவதை அளந்து பார்த்து மாற்றியது. நோயை முன்கூட்டியே பிடிக்க உதவுகிறது. மூச்சளவுத் திருத்தமோ குறைவை 'இயற்கை' என்று ஏற்றுக்கொண்டு நோயை மறைத்தது. எந்தத் திருத்தத்தைப் பார்த்தாலும் இரண்டு கேள்வி போதும். இது அளவீட்டிலிருந்து வந்ததா, பழைய யூகத்திலிருந்து வந்ததா? இதனால் நோய் முன்பே தெரிகிறதா, மறைகிறதா?

அரிவாள் அணுச் சோகை என்ற மரபணு இரத்த நோயைக் 'கறுப்பினத்தவர் நோய்' என்று சொல்லிக்கொடுப்பது இன்னொரு குறுக்குவழி. அந்த மரபணு மலேரியா பரவிய நிலப்பகுதிகளைத் தொடர்ந்து போகிறது: ஆப்பிரிக்கா, மத்தியதரைக் கடலோரம், அரபு நாடுகள், நம் நீலகிரி. நீலகிரிப் பழங்குடிகளிடம் அது இருப்பது 1952-இலேயே பதிவாகிவிட்டது. அகமணம், அதாவது ஒரு கூட்டத்துக்குள்ளேயே பெண் கொடுத்து எடுப்பது, சில மரபணுக்களை ஒரே இடத்தில் குவிக்கும் என்பது உண்மை. ஆரிய வைசியர் சமூகத்தில் சிலருக்கு சக்சினைல்கோலின் என்ற மயக்க மருத்துவ மருந்தின் விளைவு நெடுநேரம் நீடித்து, மூச்சுத் தசை இயங்காமல் போவது இதற்குத் தெரிந்த உதாரணம். செட்டிநாட்டில் இதைப் புரியவைப்பது எளிது: ஒன்பது கோயில் பிரிவுகளாக உள்ள நகரத்தார் சமூகத்தினர் ஒரே கோயில் பிரிவுக்குள் மணமுடிப்பதில்லை, ஆனால் அந்த ஒன்பதுக்கு வெளியேயும் போவதில்லை. மணமுறை மரபணுவை வடிவமைக்கிறது என்பதுதான் இதில் பாடம். ஆனாலும் மயக்க மருந்து கொடுக்குமுன் கேட்க வேண்டியது 'என்ன ஆளுக?' என்பதல்ல, 'உங்க குடும்பத்துல யாருக்காவது ஆபரேஷனுக்குப் பிறகு மூச்சு திரும்ப லேட்டாச்சா?' என்பதுதான். சாதியைக் கேட்டு ஊகிப்பதைவிட இது நேரடி, துல்லியமும் கூட. சொந்தத்தில் மணமா என்பதையும் அப்படியே நேராகக் கேளுங்கள். மாமன் மகள், அத்தை மகன் என்பதெல்லாம் எல்லாத் தெருவிலும் உண்டு.

கரிய தோலில் எதை எங்கே பார்ப்பது

தோல் நிறத்தை ஆறு வகையாகப் பிரிக்கும் ஃபிட்ஸ்பாட்ரிக் அளவுகோல் 1975-இல் வந்தபோது நான்கு வகையோடு நின்றது. பழுப்பும் கருமையும் பிறகு சேர்க்கப்பட்டவை. தென்னிந்தியர் பெரும்பாலும் 4, 5, 6-ஆம் வகைகளில் வருவோம். முதலில் வெளிச்சம். குழல் விளக்கு மட்டும் உள்ள வார்டில் நிறம் பார்க்காதீர்கள், சன்னலோரம் அழைத்துப் போங்கள்.

அழற்சி என்றால் சிவப்பைத் தேடுவதை நிறுத்தி, புறங்கையால் சூட்டைப் பாருங்கள், வீக்கத்தையும் இறுக்கத்தையும் தடவிப் பாருங்கள், அதே நோயாளியின் மறுபக்கத்துத் தோலோடு ஒப்பிடுங்கள். நிறம் ஊதாவாகவோ கரும்பழுப்பாகவோ சாம்பலாகவோ இருக்கலாம். படுக்கைப் புண்ணின் முதல் நிலையை அழுத்தினால் வெளுக்காத சிவப்பு என்று பாடநூல் வரையறுக்கிறது. கரிய தோலில் அந்த மாற்றம் கண்ணுக்குத் தெரியாமலே இரண்டாம் நிலைக்குப் போய்விடும். ஆகவே வால் எலும்பு, குதிகால் இரண்டையும் ஒவ்வொரு டூட்டியிலும் தொட்டுப் பார்ப்பதைச் செவிலியர் பயிற்சியில் கட்டாயமாக்க வேண்டும்.

நீலம் பாய்ந்திருக்கிறதா என்பதை நாக்கு, ஈறு, உதட்டின் உட்புறத்தில் பார்க்க வேண்டும். இரத்தசோகைக்குக் கீழிமையின் உட்புறமும் உள்ளங்கை ரேகையும். மஞ்சள் காமாலைக்குக் கண் வெள்ளையைப் பார்க்கலாம், ஆனால் நம்மில் பலருக்கு அங்கே இயல்பாகவே பழுப்பு நிறமி படிந்திருக்கும். வெயிலில் உழைப்பவர்களுக்குக் கூடுதலாக. அதனால் மேலண்ணத்தையும் நாக்கின் அடிப்பகுதியையும் சேர்த்துப் பாருங்கள். பிறந்த குழந்தையின் காமாலையை முகத்திலிருந்து கால்வரை மஞ்சள் இறங்குவதை வைத்துக் கண்ணளவில் மதிப்பிடுவது எந்தத் தோலிலும் நம்பகமில்லை, கரிய தோலில் இன்னும் மோசம். சந்தேகம் வந்தால் இரத்தத்தில் பிலிருபின் (காமாலையின் மஞ்சள் நிறமி) அளவைச் சோதியுங்கள்.

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் விஷயம் பலருக்கும் அதிர்ச்சி தரும். மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2020 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வில், கருவி 92 முதல் 96 சதவீதம் என்று காட்டிய நேரத்தில் தமனி இரத்தத்தில் உண்மையான ஆக்சிஜன் செறிவு 88-க்கும் கீழே இருந்தது கறுப்பின நோயாளிகளில் 11.7 சதவீத அளவீடுகளில், வெள்ளையரில் 3.6. கருவி ஒளியைத் தோல் வழியே செலுத்திக் கணக்கிடுகிறது. தோலின் நிறமி அந்தக் கணக்கைக் குழப்புகிறது. அந்த ஆய்வு நம் மக்களிடம் நடந்ததல்ல என்பதையும் சேர்த்தே சொல்லிக்கொடுக்க வேண்டும். நடைமுறைக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது: 93, 94 என்று காட்டினாலும் மூச்சு வேகமாக இருந்தால், பேச்சு வாக்கியமாக வராமல் சொல் சொல்லாக உடைந்தால், எண்ணை நம்பி வீட்டுக்கு அனுப்பாதீர்கள். தமனி இரத்தச் சோதனை செய்யுங்கள்.

லண்டனில் செயின்ட் ஜார்ஜ் மருத்துவக் கல்லூரி மாணவர் மலோன் முக்வென்டே, தன் ஆசிரியர்களோடு சேர்ந்து 2020-இல் கறுப்பு, பழுப்புத் தோலில் நோயடையாளங்களைக் காட்டும் கையேட்டை வெளியிட்டார். படிக்கும் மாணவரே செய்தது. நம்மூர்த் தோல்நோய்ப் பிரிவுக்கு தினமும் வருவது இந்தத் தோல்தான், படத்துக்குப் பஞ்சமில்லை. எழுத்தில் ஒப்புதல் வாங்கி, முகமும் பச்சை குத்திய அடையாளமும் தெரியாமல், பகல் வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு வெள்ளைத்தாளை வைத்து எடுத்தால் நிறம் பிசகாது. எடுத்ததைத் துறைக் கணினியில் வையுங்கள். வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள்.

வார்டில் தானாக ஒட்டிக்கொள்ளும் பாடம்

செட்டிநாட்டுப் பெரிய வீட்டில் முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று போகும். யார் எந்தக் கட்டு வரை வரலாம் என்பது எங்கும் எழுதியிராது, ஆனால் எல்லோருக்கும் தெரியும். வார்டும் அப்படித்தான். யாரிடம் விளக்கிப் பேச வேண்டும், யாரை அதட்டலாம் என்பதைப் பாடத்திட்டம் சொல்வதில்லை. மூத்தவர்களைப் பார்த்தே மாணவர் ஆறு மாதத்தில் கற்றுவிடுகிறார்.

இதைக் கண்டுபிடிக்கத் தமிழில் ஒரு சுலபமான அளவுகோல் இருக்கிறது. ஒரு நாள் ஓ.பி.யில் உட்கார்ந்து, யாரை 'வாங்க' என்கிறார்கள், யாரை 'வா, அங்க நில்லு' என்கிறார்கள் என்று மட்டும் குறியுங்கள். கழுத்தில் நகையோடு வரும் வயதானவர் 'ஆச்சி, உக்காருங்க'. அதே வயதில் நூறு நாள் வேலையிலிருந்து நேராக வந்தவர் 'ஏய் கெழவி'. இரண்டாமவர் தன் நோயைப் பற்றிச் சொல்வது பாதியில் நின்றுபோகும். மாத்திரையை எப்படிச் சாப்பிடுவது என்று திருப்பிக் கேட்க மாட்டார். அடுத்த முறை வரவும் மாட்டார். பிறகு கேஸ் ஷீட்டில் அவர் 'ஒத்துழைப்பு இல்லாத நோயாளி' ஆகிவிடுவார். மரியாதை ஒரு நாகரிகப் பிரச்சினை மட்டும் என்று நினைப்பவர்களுக்கு இந்தச் சங்கிலியைக் காட்டுங்கள்.

வலி இன்னும் ஆபத்தான இடம். வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் 2016-இல் வெளியான ஆய்வில், கறுப்பினத்தவரின் தோல் தடிமன், நரம்பு முனைகளின் உணர்வு குறைவு என்பது போன்ற பொய்களில் ஒன்றையாவது நம்பிய வெள்ளை இன மருத்துவ மாணவர்களும் பயிற்சி மருத்துவர்களும் ஏறக்குறைய பாதிப்பேர். அப்படி நம்பியவர்கள் கறுப்பின நோயாளியின் வலியைக் குறைத்து மதிப்பிட்டார்கள், சிகிச்சைப் பரிந்துரையிலும் தவறினார்கள். நம் பிரசவ அறைகளில் 'இவங்களுக்கெல்லாம் வலி தாங்கும்', 'காட்டுவேலை செய்யிற உடம்பு' என்று காதில் விழுவது இதன் தமிழ் வடிவம். 2023-இல்தான் பழங்குடிப் பட்டியலில் சேர்ந்த நரிக்குறவர் சமூகத்துப் பெண்களைப் பற்றியும் இப்படிப் பேசுவதுண்டு. இதற்கு மருந்து உபதேசம் இல்லை, படிவம். வலி எத்தனை என்று 0 முதல் 10 வரை நோயாளியையே சொல்லவைத்து, நேரத்தோடு எழுதி, மருந்து கொடுத்த நேரத்தையும் பக்கத்தில் எழுதினால், யார் அதிக நேரம் காத்திருந்தார் என்பதைத் தாளே சொல்லிவிடும்.

கேஸ் ஷீட்டின் முதல் வரியைத் திருத்துவதும் அப்படியே. பெயர், வயது, பாலினம், மதம், தொழில் என்று ஒப்பிக்கக் கற்றுக்கொடுக்கிறோம். மதம் எதற்கு என்று கேட்டால் பெரும்பாலும் பதில் இல்லை. நோன்பு காலத்தில் இன்சுலின் வேளையை மாற்ற வேண்டுமென்றால் நோன்பைப் பற்றிக் கேளுங்கள். இரத்தம் ஏற்ற மறுப்பாரா என்று அறிய வேண்டுமென்றால் அதையே கேளுங்கள். '45 வயது, இன்ன சாதி ஆண், குடிகாரர்' என்ற முதல் வரி மாணவரின் சிந்தனையை அங்கேயே நிறுத்தும். '45 வயது, 20 ஆண்டாகக் கரிமூட்டத் தொழிலாளி, வாரம் மூன்று நாள் மது, வீட்டில் விறகடுப்பு' என்ற வரி நான்கு நோய்களை யோசிக்கவைக்கும்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியையும் சேருங்கள். புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் 2022 டிசம்பரில் குழந்தைகளுக்கு உடல்நலம் கெட்டபோது, குடிநீரைப் பாருங்கள் என்று மருத்துவர்கள் சொன்ன பிறகுதான், பட்டியலின மக்களுக்குத் தண்ணீர் தரும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருந்தது வெளிவந்தது. யார் செய்தது என்பது வழக்காகவும் சர்ச்சையாகவும் நீண்டது. மருத்துவ மாணவருக்கு அதில் உள்ள பாடம் வேறு: வயிற்றுப்போக்குக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுத்ததோடு நிறுத்தியிருந்தால் தொட்டியை யாரும் திறந்திருக்க மாட்டார்கள்.

தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் கொண்டுவந்த குடும்பத் தத்தெடுப்புத் திட்டத்தில் ஒவ்வொரு மாணவரும் கிராமத்தில் சில குடும்பங்களைப் படிப்புக்காலம் முழுக்கத் தொடர வேண்டும். நல்ல திட்டம், ஆனால் நடப்பில் ஒரு ஓட்டை. பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில், ஊர்த்தெருவில், தலைவர் காட்டிய வீடுகளோடு முடிந்துவிடும். காலனிக்குள் யாரும் போயிருக்க மாட்டார்கள். வீடுகளைத் தேர்வதற்குமுன் ஊரின் வரைபடத்தைக் கையால் வரையச் சொல்லுங்கள்: தண்ணீர்த் தொட்டி, ரேஷன் கடை, அங்கன்வாடி, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நடைதூரம், தெருக்கள். பிறகு எல்லாத் தெருவிலிருந்தும் சீட்டுக் குலுக்கிக் குடும்பங்களைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

வடமாநிலத் தொழிலாளர் வந்தால் மேஸ்திரியை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். வேலையிடத்தில் அடிபட்டதை அவர் 'ரூம்ல வழுக்கி விழுந்தான்' என்றுதான் மாற்றிச் சொல்வார். போனில் ஒரு மொழிபெயர்ப்பாளர், அதுவும் இல்லையென்றால் மொழி தெரிந்த வேறு ஊழியர்.

வேற்றூரில் வெளியாளாக நின்ற அனுபவம் நமக்கும் உண்டு: பர்மாவைப் பற்றிச் செட்டிநாட்டு வீடுகளில் இன்னும் பேசுவார்கள். 1930-இலும் 1938-இலும் ரங்கூனில் இந்தியர் என்பதற்காக அடிபட்டதும், 1942-இல் கால்நடையாகத் திரும்பியதும் குடும்பக் கதைகள். அந்த நினைவு உள்ளூரில் இருக்கும் தெருப் பிரிவினையைக் கேள்வி கேட்க உதவியதா என்பது வேறு விஷயம்.

உள்ளே வருவதும் மதிப்பெண் வாங்குவதும்

புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, ஆண்கள் படித்த மகாராஜா கல்லூரியில் சேர்ந்தபோது பெண் என்பதற்கும் தாயாரின் சமூகத்துக்கும் சேர்த்தே எதிர்ப்பு வந்தது. மன்னர் இடம் கொடுத்தார். 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். இன்று அந்த இடத்தைச் சட்டம் கொடுக்கிறது: தமிழ்நாட்டில் 69 சதவீத இடஒதுக்கீடு, 2020 முதல் அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு. 2012-இல் 100 இடங்களோடு தொடங்கிய சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரியைக் கணக்கில் எடுத்தால், அகில இந்தியப் பங்கு 15 போக மீதி 85; அதில் 7.5 சதவீதம் என்றால் ஆறு பேர்.

இந்த ஆறு பேருக்கு முதல் ஆறு மாதத்தில் வேண்டியது அனுதாபம் இல்லை. தமிழ்வழியில் படித்தவருக்கு உடற்கூறியல் சொற்களைப் பிரித்துப் புரியவைக்கும் வகுப்பு, முதல் வாரத்திலேயே நூலகப் புத்தகம், நோட்ஸ் கைமாறும் விடுதிக் குழுக்களில் இடம். அறை ஒதுக்கீட்டைக் கல்லூரியே குலுக்கிப் போட்டால் பின்னது தானாக வரும். 'கோட்டாவில் வந்தவன்' என்று வார்டில் பேசுவோர், எல்லோரும் ஒரே பல்கலைக்கழகத் தேர்வில் ஒரே தேர்ச்சி மதிப்பெண் வாங்கித்தான் டாக்டராகிறார்கள் என்பதை மறந்துவிடுகிறார்கள். பணம் கட்டி வந்த இடத்தைப் பற்றி யாரும் அந்தக் குரலில் பேசுவதில்லை.

டெல்லி எய்ம்ஸ் நிறுவனத்தில் நடந்த சாதிப்பாகுபாட்டை விசாரித்த தோரட் குழு 2007-இல் அறிக்கை தந்தது. விடுதியில் ஒதுக்கப்படுதல், ஆசிரியரின் பாராமுகம், வைவா என்கிற வாய்மொழித் தேர்விலும் செய்முறையிலும் பாரபட்சம் ஆகியவை அதில் பதிவாகின. வைவாவைச் சீராக்குவது கடினமில்லை. கேள்விகளை முன்பே எழுதிச் சீட்டாக எடுக்க வைக்கலாம். இரண்டு தேர்வாளரும் பேசிக்கொள்வதற்கு முன் தனித்தனியே மதிப்பெண் எழுத வேண்டும். 'சொந்த ஊர் எது, எந்தத் தெரு, அப்பா என்ன பண்றார்' ஆகிய மூன்று கேள்விகளுக்கும் தேர்வறையில் இடமில்லை என்று எழுதியே ஒட்டுங்கள். அவை எதற்காகக் கேட்கப்படுகின்றன என்பது தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரியும். 1975-இல் ஸ்காட்லாந்தின் டண்டியில் அறிமுகமான நிலையம் நிலையமாக நகரும் செய்முறைத் தேர்வு முறை, தேர்வாளர் ஒருவரின் விருப்பு வெறுப்பு மொத்த மதிப்பெண்ணையும் தீர்மானிக்காமல் இருக்க உதவுகிறது.

பிரிட்டனுக்குப் போகும் நம் டாக்டர்கள் இதை மறுபக்கத்திலிருந்து சந்திக்கிறார்கள். குடும்பமருத்துவர் செய்முறைத் தேர்வில் வெளிநாட்டில் படித்தவர்களும் சிறுபான்மை இனத்தவரும் அதிகம் தோற்பதை எதிர்த்து இந்திய வம்சாவளி மருத்துவர் சங்கம் தொடுத்த வழக்கு 2014-இல் தள்ளுபடியானாலும், தேர்வு வாரியம் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று நீதிபதி சொன்னார். இங்கே 'வாங்க' கேட்டவர் அங்கே 'வா' கேட்கும் நிலை.

வகுப்பை நடத்துவது

ஒரு நாள் விழிப்புணர்வு முகாம், மேடை, பொன்னாடை, மதியச் சாப்பாடு: இதனால் பழக்கம் மாறுவதில்லை. தேர்வில் ஒரு கேள்வியாக வந்தால் மாறும். பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட குழு, ஒன்றரை மணி நேரம், ஒரே ஒரு நோயாளிக் கதை. முதலில் எல்லோரும் தனியே நோய்ப்பெயரை எழுதட்டும். பிறகு கதையில் தொழிலையும் ஊரையும் பேச்சு மரியாதையையும் மட்டும் மாற்றி இரண்டாம் பிரதியைக் கொடுங்கள், மறுபடி எழுதட்டும். இரண்டு விடைக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை வைத்து மீதி நேரம் பேசலாம். ஏற்கெனவே உள்ள நடத்தை, அறம், தொடர்பாடல் பாடத் தொகுதிக்குள் இதை நுழைத்துவிடலாம். தனிப் பாடவேளை தேவையில்லை.

இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கின்றன. ஒன்று, வகுப்பிலிருக்கும் தலித் மாணவரைப் பார்த்து 'நீ சொல்லுப்பா, உனக்குத்தானே தெரியும்' என்பது. அவர் படிக்க வந்தவர், சாட்சி சொல்ல வந்தவரல்ல. இன்னொன்று, வசதி உள்ளவர் ஓரடி முன்னே, இல்லாதவர் ஓரடி பின்னே என்று நிற்கவைக்கும் வெளிநாட்டு விளையாட்டு. நம் ஊரில் அது ஒருவரின் சாதியை எல்லோருக்கும் காட்டிக்கொடுப்பதில் முடியும். வேண்டாம்.

மூத்தவர் தவறாகப் பேசும்போது இளையவர் என்ன செய்வது? எதிர்த்து வாதிட்டால் இன்டர்னல் மதிப்பெண் போகும் என்ற பயம் உண்மையானது. வேலையை நோயாளி பக்கம் திருப்பும் வாக்கியங்களைப் பழக்கிவையுங்கள்: 'சார், வலி எத்தனைன்னு அவங்களையே கேட்டு எழுதிடட்டுமா?' 'மேடம், நான் ஒரு தடவை தமிழ்ல விளக்கிச் சொல்லிட்டு வர்றேன்.' அவமதிப்பு நின்றுவிடும், யாரும் முகம் சுளிக்க இடமிராது. எல்லாவற்றுக்கும் இது போதாது. மாணவரைச் சாதி சொல்லித் துன்புறுத்துவது குற்றம், அதற்குப் புகார்தான் வழி.

மருத்துவமனையிலோ கல்வி நிறுவன விடுதியிலோ தீண்டாமை காரணமாக அனுமதி மறுப்பது 1955-ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி தண்டனைக்குரியது. 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் உண்டு. பல்கலைக்கழக மானியக் குழு 2012-இல் கொண்டுவந்த சமநீதி விதிகள், சமவாய்ப்பு மையத்தையும் பாகுபாடு தடுப்பு அலுவலரையும் கேட்டன. அவற்றை மாற்றுவது பற்றிய வழக்குகளும் விவாதங்களும் தொடர்ந்து வந்திருக்கின்றன. ராகிங் புகாருக்கு 1800-180-5522, பட்டியலின, பழங்குடியினர் மீதான வன்கொடுமைக்கு 14566. கல்லூரிக்குள் புகார்க் குழு அமைக்கும்போது அதே துறைத் தலைவரையோ ஆய்வு வழிகாட்டியையோ உறுப்பினராகப் போட்டால் ஒரு புகாரும் வராது. புகார் வராததையே 'எங்கள் கல்லூரியில் பிரச்சினை இல்லை' என்பதற்குச் சான்றாகவும் காட்டுவார்கள்.

முன்னேற்றத்தை எண்ணிக்கையில் பாருங்கள், ஆனால் சிறு எண்களில் ஏமாறாதீர்கள். ஆறு பேரில் ஒருவர் முதலாண்டில் தவறினால் தோல்வி 17 சதவீதம், இருவர் என்றால் 33. அதை வைத்து ஒரு பிரிவையே குறைசொல்வதும் தவறு, அடுத்த ஆண்டு ஒருவரும் தவறவில்லை என்று திட்டத்தை மூடுவதும் தவறு. மூன்று நான்கு ஆண்டு மாணவரைச் சேர்த்து, பெயரில்லாமல், டீன் அளவில் மட்டும் பார்க்க வேண்டும். வார்டில் எண்கள் பெரிதாகக் கிடைக்கும்: வலி மருந்துக்குக் காத்திருந்த நிமிடங்கள், சொல்லாமல் வெளியேறிய நோயாளிகள், அவர்கள் எந்த ஊர்களிலிருந்து வந்தவர்கள். அந்த மூன்று நிரல்களை மாதாமாதம் செவிலியர் கண்காணிப்பாளர் கையில் கொடுத்தால் எந்தப் படுக்கையிலிருந்து தொடங்குவது என்று அவரே சொல்லுவார்.